ஜெம்பேயை வாயால் ஆரம்பியுங்கள்

நான் கும்பகோணம் பக்கம், தவில் வாசிக்கும் வீட்டுப் பிள்ளை. மேற்கு ஆப்பிரிக்கக் கைமுரசான ஜெம்பே கைக்கு வந்த முதல் வாரம், பழகிய கைதானே என்று ஓங்கி அடித்தேன். விரலடி வீங்கியதுதான் மிச்சம், நாதம் வரவில்லை. நீங்கள் கையை விட்டுவிட்டு வாயால் தொடங்குங்கள்.

நைஜீரிய முரசுக் கலைஞர் பாபாதுண்டே ஒலாதுன்ஜி சொல்லிக்கொடுத்த முறையில் ஆறு சொற்கள்: குன், துன், கோ, தோ, பா, தா. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் சொல் வலது கை, அடுத்தது இடது கை. குன், துன் என்றால் உள்ளங்கை நடுத்தோலில் விழ வேண்டும். கோ, தோ விளிம்பில், விரல்களைச் சேர்த்து. பா, தாவும் விளிம்பில்தான், ஆனால் விரல்கள் தளர்ந்து சற்றே விரிந்திருக்கும். இந்தப் பா, தா சுத்தமாக விழ மாதக்கணக்கில் ஆகும். பலத்தைக் கூட்டினால் கெட்டுவிடும், மணிக்கட்டைத் தளர்த்துங்கள். நம் பிள்ளைகள் சொற்கட்டு சொல்லி வளர்ந்தவர்கள், வாயால் சொல்லும் இந்த முறை சீக்கிரம் பிடிபடும்.

மோதிரத்தைக் கழற்றுங்கள். ஜெம்பேயை முன்பக்கம் சாய்த்து வையுங்கள். அடிவாய் தரையில் அடைபட்டால் குன் செத்துவிடும். ஐப்பசி ஈரத்தில் ஆட்டுத்தோல் தொய்யும். கயிற்றை இழுக்க அவசரப்படாமல் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டிப் பாருங்கள்.

அப்புறம் துன்துன், ஜெம்பேயோடு சேர்ந்து கோலால் வாசிக்கும் மூன்று உருளை முரசுகள். கென்கெனி சின்னது, சங்பான் நடுத்தரம், துன்துன்பா பெரியது. ஒரு கையில் கோல், மறு கையில் மணி. தாளத்தைத் தாங்குவது இவைதான். அதனால் ஜெம்பேக்கு முன்பே மாணவர்களைக் கென்கெனியில் நிறுத்திவிடுவேன்.

முதலில் நான் எடுப்பது கஸ்ஸா. கினி நாட்டு மலிங்கே மக்களின் வயல் தாளம் அது. ஆட்கள் வேலை செய்ய, வாத்தியக்காரர்கள் வயலிலேயே வாசிப்பார்கள். சம்பா அறுப்பு பார்த்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக எதைக் கொடுப்பது?

கஸ்ஸாவுக்கான ஆட்டத்தை அறுப்பு முடிந்த களத்தில், வெறுங்காலோடு பழகுகிறோம். பரதம் படித்த பிள்ளைகள் அரைமண்டியில் முதுகை நிமிர்த்திவிடுகிறார்கள். இங்கே முட்டி மடங்கி, நாற்று நடுகிறவர்களைப் போல உடம்பு மண்ணை நோக்கிக் குனிய வேண்டும். அடவை எப்போது மாற்றுவது என்று எண்ண வேண்டாம். முதல் ஜெம்பே ஓர் அழைப்பு வாசிக்கும், அதுதான் குறி. அதைக் கேட்டுக் காலை மாற்றத் தெரிந்த பிறகுதான் யாரையும் ஜெம்பேயில் உட்கார வைக்கிறேன்.