வீடியோ பிளேயரில் பாதுகாப்பு ஓட்டை: எதைப் பார்க்கணும், எதை மாத்தணும்

பிரவுசரையும் ஆண்டிவைரஸையும் மறக்காமல் அப்டேட் செய்கிறவர்கள்கூட வீடியோ பிளேயரை ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டு வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். படம் ஓடுகிறது, சத்தம் வருகிறது, அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்புதான். ஆனால் முன்பின் தெரியாத யாரோ உருவாக்கிய ஃபைலைத் திறந்து, அதில் எழுதியிருப்பதைப் படித்து வேலை செய்கிற மென்பொருள் என்று பார்த்தால் பிளேயரும் பிரவுசர் மாதிரியேதான்.

ஓட்டை எங்கே வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம், அப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் தானாகப் புரியும். எம்கேவி, எம்பி4 மாதிரி ஃபைல்களுக்குள் தகவல் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் அது என்ன வகை, எத்தனை பைட் நீளம் என்று குறித்திருக்கும். பிளேயர் அந்த நீளத்தைப் படித்து, மெமரியில் அவ்வளவு இடம் ஒதுக்கி, தகவலை அங்கே கொட்டும். ஃபைல் ஓரிடத்தில் 200 பைட் என்று சொல்லிவிட்டு உள்ளே 5,000 பைட் வைத்திருந்தால்? பிளேயர் சரிபார்த்தால் பிரச்சினை இல்லை. சரிபார்க்காவிட்டால் மிச்சமுள்ள 4,800 பைட்டும் பக்கத்து மெமரியின் மேல் போய் விழும். பெரும்பாலும் பிளேயர் கிராஷ் ஆவதோடு போய்விடும், ஆனால் வேண்டுமென்றே திட்டமிட்டுச் செய்த ஃபைல் என்றால் அப்படி விழுந்த தகவலையே கட்டளையாக ஓடவைக்க முடியும், அதுவும் உங்கள் கணக்குக்கு என்னென்ன உரிமை இருக்கிறதோ அத்தனையோடும். பிளேயர்களில் பெரும்பாலானவை சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை, அந்த மொழிகள் இந்தச் சரிபார்ப்பைத் தாமாகச் செய்யாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2015ல் ஆண்ட்ராய்டின் வீடியோ கையாளும் பகுதியான ஸ்டேஜ்ஃபிரைட்டில் வெளிவந்த ஓட்டைகளில், எம்எம்எஸ் வழியாக ஒரு வீடியோவை அனுப்பினாலே போதும், சில போன்களில் அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை என்ற நிலை இருந்தது. 2017ல் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சப்டைட்டில் ஃபைலை வைத்தே விஎல்சி, கோடி, ஸ்ட்ரீமியோ, பாப்கார்ன் டைம் என்ற நான்கு பிளேயர்களையும் தாக்க முடியும் என்று காட்டியது. வெறும் எழுத்துதானே என்று யாரும் கண்டுகொள்ளாத ஃபைல் அது!

சரி, செய்ய வேண்டியது. முதல் வேலை அப்டேட், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். விண்டோஸில் விஎல்சி என்றால் ஹெல்ப் மெனுவில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' இருக்கிறது, இப்போதே அழுத்திப் பாருங்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு மற்ற எந்த செட்டிங்கை மாற்றினாலும் பெரிய பலன் இல்லை. 2019 ஜூனில் வந்த விஎல்சி 3.0.7 ஒன்றில் மட்டும் 30க்கும் மேற்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் இருந்தன. ஒரு திருத்தம் வெளியானதும் ஓட்டை எங்கே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், பழையதிலேயே இருப்பவர்களுக்குத்தான் அதன்பின் ஆபத்து அதிகம்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் பிளேயரை மட்டும் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 2019 ஜூலையில் விஎல்சியில் பயங்கர ஓட்டை, உடனே அழித்துவிடுங்கள் என்று செய்திகள் பறந்தன. கடைசியில் பார்த்தால் குறை விஎல்சியில் இல்லை, எம்கேவி ஃபைலைப் படிக்க உதவும் லிப்ஈபிஎம்எல் என்ற தனி லைப்ரரியில் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் துணை நிரலில்) இருந்தது, அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் முன்பே சரிசெய்யப்பட்டது. புகார் சொன்னவரின் உபுண்டு லினக்ஸில் அந்த லைப்ரரி பழையதாகவே கிடந்திருக்கிறது. அதனால் சிஸ்டம் முழுவதையும் அப்டேட் செய்யுங்கள். இந்த மாதிரி செய்தி வந்தால் தலைப்பைப் பார்த்துப் பதறாமல், எந்தப் பதிப்பு, எந்த லைப்ரரி என்று தேடி உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, ஆதரவு நின்றுபோன மென்பொருளைத் தூக்கிவிடுவது. விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016லேயே கைவிட்டது, சரிசெய்யப்படாத இரண்டு ஓட்டைகள் அதில் அப்படியே இருக்கின்றன. ஃபிளாஷ் பிளேயர் 2020 முடிவோடு முடிந்துபோனது. எம்பிசி-எச்சி என்ற பிளேயரின் பழைய பதிப்பை வைத்திருந்தால், மூலக் குழு 2017ல் நிறுத்திவிட்டது, வேறொருவர் தொடர்ந்து நடத்தும் புதுப் பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். கோடெக் பேக் (வீடியோ வகைகளைப் படிக்க உதவும் நிரல்களின் தொகுப்பு) எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய பிளேயர்களுக்கு அது தேவையே இல்லை, ஒரு வீடியோவைத் திறந்ததும் 'இந்தக் கோடெக்கை இறக்கினால்தான் ஓடும்' என்று ஒரு தளத்துக்குக் கூட்டிப்போனால் அது பொறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேயரை இறக்கும்போது தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாமல், உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள். விண்டோஸில் இறக்கிய ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியைப் பாருங்கள், விஎல்சி என்றால் அதை உருவாக்கும் வீடியோலான் பெயர் இருக்க வேண்டும்.

விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவைக்கிறது, அதை இன்றே மாற்றுங்கள். படம்.எம்பி4.எக்ஸி என்ற ஃபைல் உண்மையில் வீடியோ இல்லை, அழுத்தினால் ஓடும் புரோகிராம், ஆனால் படம்.எம்பி4 என்றுதான் தெரியும், அதற்கு வீடியோ ஐகானையும் வைத்துவிட்டால் யாரும் ஏமாந்துபோவார்கள். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. ஓட்டை எதுவும் தேவைப்படாத தாக்குதல் இது.

விஎல்சியின் பிரிஃபரன்ஸஸில் 'அலவ் மெட்டாடேட்டா நெட்வொர்க் ஆக்சஸ்' என்பதை எடுத்துவிடலாம், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்ற தகவல் வெளியே போகாமல் இருக்கும். பிளேயரை வேறு கருவியிலிருந்து பிரவுசர் வழியாக இயக்க உதவும் வெப் இன்டர்ஃபேஸை வேலையிருந்தால் தவிர ஆன் செய்யாதீர்கள். பிளேயரை ஒருபோதும் அட்மின் உரிமையோடு ஓட்டாதீர்கள்.

சந்தேகமான ஃபைலைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதைக் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் டேபில் இழுத்துப் போட்டுத் திறப்பேன். எல்லா ஃபார்மேட்டும் ஓடாது, ஆனால் ஓடுவது சாண்ட்பாக்ஸ் என்ற தனி வேலிக்குள் அடைபட்டு ஓடும், ஓட்டை இருந்தாலும் உங்கள் மற்ற ஃபைல்களைத் தொட இன்னொரு சுவரைத் தாண்டியாக வேண்டும்.

போனில் பிளேயர் ஆப் மட்டும் போதாது, சிஸ்டத்தின் செக்யூரிட்டி பேட்ச் தேதியையும் செட்டிங்ஸில் பாருங்கள். அப்டேட்டே வராத டிவி பாக்ஸில் அறியாத இடத்து ஃபைல்களைப் போடாதீர்கள். அப்புறம், ஒரு ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் பிளேயர் கிராஷ் ஆனால் திரும்பத் திரும்ப முயற்சிக்க வேண்டாம். பிளேயரை அப்டேட் செய்துவிட்டு ஒருமுறை பாருங்கள், அப்போதும் விழுந்தால் ஃபைலை அழித்துவிடுங்கள், அல்லது உருவாக்குகிறவர்களுக்குப் பாதுகாப்புப் புகார்களுக்கென்று இருக்கும் முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.