குதிரையேற்றம் பழக ஆசையா? லாயத்து வாசலில் இருந்து முதல் ட்ராட் வரை

ஊர் எல்லையில் ஐயனார் கோயில் மண்குதிரைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்றாவது ஒருநாள் நிஜக் குதிரையில் ஏறிவிட வேண்டும் என்று நினைத்த பிள்ளைகள் நம்மில் ஏராளம். எனக்கு அந்த ஆசை வளர்ந்த பிறகும் போகவில்லை. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் குதிரை வரைந்துகொண்டிருந்தவள், இன்றும் விடிகாலையில் லாயத்தில்தான் நிற்கிறேன். "இந்த வயசுக்கு மேல முடியுமா?" என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முப்பதிலும் நாற்பதிலும் தாராளமாகத் தொடங்கலாம். முதுகுவலியோ மூட்டுவலியோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே மறுபடி மறுபடி வரும்: விழாமல் இருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது. நம்மைக் குதிரைமேல் நிறுத்துவது இடுப்பும் தொடையும்தான்.

1. பள்ளியைப் பார்த்துச் சேருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் காலையில் போய் வேடிக்கை பாருங்கள். விலா எலும்பு துருத்துகிறதா, சேணம் படும் முதுகிலும் வயிற்றுப் பட்டை படும் இடத்திலும் புண் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்துக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். குதிரையை நன்றாக வைத்திருக்காத இடத்தில் நமக்கும் ஒழுங்காகச் சொல்லித்தர மாட்டார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு கேள்விகள் கேளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு லஞ்ச் கயிற்றில் பாடம் உண்டா? ஆசிரியர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்ற வைப்பதுதான் லஞ்ச். குதிரை அவர் வசம் இருக்கும். நீங்கள் உட்காரப் பழகினால் போதும். அடுத்த கேள்வி, உங்கள் எடைக்கு ஏற்ற குதிரை இருக்கிறதா? ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரை என்றால் சேணத்தோடு 80 கிலோ. முதல் நாளே "வாங்க, ஓட்டிப் பார்க்கலாம்" என்று ஏற்றிவிடும் இடமாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

2. உடுப்பு

தலைக்கவசம் கட்டாயம். குதிரையேற்றத்துக்கென்றே தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட் எதுவும் சரிவராது. ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். காலுக்குச் சின்னக் குதிகால் வைத்த ஷூ. சேணத்தில் இருந்து தொங்கும் ஸ்டிரப் என்ற கால் வளையத்துக்குள் பாதம் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் தடுப்பது அந்தக் குதிகால்தான். தடித்த உள்தையல் இல்லாத, இழுபடும் பேன்ட் போடுங்கள். ஜீன்ஸ் தையல் முழங்காலை உரித்துவிடும். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு வெகுநாள் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

3. குதிரையிடம் போவது

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். அதனால் பின்பக்கமாகவும் போகாதீர்கள், நேராக மூக்குக்கு முன்னாலும் போய் நிற்காதீர்கள். இடது தோளை நோக்கிச் சாய்வாக, ஏதாவது பேசிக்கொண்டே நடங்கள். கிட்டே போனதும் முகத்தைத் தடவக் கை பரபரக்கும். கழுத்தில், தோளில் கை வையுங்கள். அங்கேதான் அதற்கு நிம்மதி.

காதைப் பாருங்கள். முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. தளர்ந்து பக்கவாட்டில் கிடந்தால் ஓய்வாக இருக்கிறது. பின்னால் தலையோடு ஒட்டிப் படிந்திருந்தால் கோபம். அப்போது அருகில் போகாதீர்கள். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்குக் காதுநுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால் கண் நிறையப் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புதிதாகப் பழகுகிறவர் குதிரை வாங்க வேண்டாம்.

4. தேய்ப்பது, குளம்பு பார்ப்பது

பல பேர் இதை லாயத்தில் வேலை பார்க்கும் சைஸ் (குதிரை பராமரிப்பவர்) அண்ணாவிடம் விட்டுவிட்டு நேராக ஏறப் போகிறார்கள். தயவுசெய்து நீங்களே செய்யுங்கள். ரப்பர் பிரஷ்ஷால் கழுத்திலிருந்து பின்பக்கம் வரை வட்ட வட்டமாகத் தேய்த்தால் அழுக்கும் உதிர்முடியும் மேலே வரும். எலும்பு தெரியும் இடங்களிலும் முழங்காலுக்குக் கீழும் ரப்பர் பிரஷ் வேண்டாம். பிறகு நார் பிரஷ்ஷால் முடி போகும் திசையில் தட்டிவிடுங்கள். கை போகும் வழியில் சூடு, வீக்கம், சிராய்ப்பு ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்குச் சவாரி கிடையாது.

குளம்புக்கு, வாலைப் பார்த்தபடி தோளருகே நின்று, கையைக் காலின் பின்புறமாக வழித்துக்கொண்டே இறக்குங்கள். கணுக்காலுக்கு மேல் தசைநாரை லேசாக அழுத்தினால் பழகிய குதிரை தானாகக் காலைத் தூக்கும். உள்ளே வி வடிவத்தில் ரப்பர் மாதிரி ஒரு மேடு தெரியும். உயிருள்ள பகுதி அது, உணர்ச்சி உண்டு. இரும்புக் கொக்கியால் அதன் இரு பக்கப் பள்ளங்களையும் குதிகாலில் இருந்து நுனி நோக்கி மட்டும் சுரண்டுங்கள். சாணமும் மண்ணும் கட்டியாக வந்து விழும். சில நேரம் லாடத்துக்குள் சொருகிய ஒரு கூழாங்கல்லும் வரும். அதோடு நீங்கள் ஏறியிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது குத்தியிருக்கும்.

5. ஏறுவது

சேணம் கட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். அதனால் நாலு அடி நடத்திவிட்டு, ஏறுவதற்கு முன் வயிற்றுப் பட்டையை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஸ்டிரப் நீளத்துக்கு எளிய அளவு: விரல்நுனியைச் சேணத்தில் ஸ்டிரப் வார் தொடங்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், வளையம் அக்குளைத் தொட வேண்டும்.

தரையில் இருந்து தாவாமல் மேடைக்கல்லில் நின்று ஏறுங்கள். குதிரையின் முதுகு ஒரு பக்கமாக இழுபடாது. இடது பக்கம் நின்று, இடது கையில் கடிவாள வாரும் ஒரு கொத்துப் பிடரி மயிரும். இடது பாதம் வளையத்தில், கட்டைவிரல் வயிற்றில் குத்தாமல். எழும்பி, வலது காலைப் பின்முதுகில் இடிக்காமல் சுற்றிப் போட்டு, மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழாதீர்கள்.

6. உட்காருவதும் கையும்

பக்கத்தில் இருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குதிகால் கீழே, பார்வை முன்னே. குனிந்து குதிரையின் கழுத்தைப் பார்த்தால் உடம்பும் முன்னால் சரியும்.

இப்போது கை. குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் படுத்திருக்கிறது: எலும்பின் மேல் மெல்லிய ஈறு, அதன் மேல் இரும்பு, பக்கத்தில் நாக்கு. நீங்கள் தடுமாறி வாரை இழுக்கும்போதெல்லாம் அந்த ஈறு நசுங்குகிறது. வலி பொறுக்காமல் குதிரை தலையைத் தூக்கி எறியும், முதுகை இறுக்கும். உங்களுக்கு ஆட்டம் இன்னும் கூடும், நீங்கள் இன்னும் இழுப்பீர்கள். "முரட்டுக் குதிரை" என்று பெயர் வாங்கியவற்றில் பல இப்படி ஆனவைதான் என்பது நான் பார்த்தவரை உண்மை.

வார் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே நுழைந்து, கட்டைவிரலுக்கு அடியில் வெளியே வர வேண்டும். கட்டைவிரல் மேலே, முழங்கை மடிந்து. கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருக்கும் அளவு பிடி போதும். பயம் வந்தால் பிடித்துக்கொள்ளக் குதிரையின் கழுத்தில் ஒரு தோல்பட்டை கட்டச் சொல்லுங்கள். எங்கள் லாயத்து சைஸ் அண்ணா புதிதாக வரும் எல்லாரிடமும் சொல்வார்: "கையில தொங்காதீங்கக்கா, இடுப்புல உக்காருங்க." முதல் சில வகுப்புகளில் வாரையே தொடாமல் லஞ்ச் கயிற்றில் கைகளை விரித்து உட்காரப் பழகினால் இது சீக்கிரம் வரும்.

7. நட, நில், திரும்பு

நடக்க: இரு கெண்டைக்காலாலும் லேசான அழுத்தம். நகர்ந்ததும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். நிறுத்த: மூச்சை விட்டு, சேணத்தில் கனமாக அமர்ந்து, விரல்களை மூடுங்கள். நின்ற அந்த நொடியே விரல்கள் தளர வேண்டும், அதுதான் குதிரைக்குக் கிடைக்கும் "சரி" என்ற பதில். திரும்ப: முதலில் பார்வை, பிறகு தோள், கடைசியாகத்தான் கை. நன்றாகப் பழகிய குதிரையாக இருந்தால் நீங்கள் தலையைத் திருப்பியதுமே ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும்.

8. ட்ராட்

நடையில் நான்கு குளம்பும் தனித்தனியாக விழும். நடைக்கு அடுத்த வேகமான ட்ராட்டில் இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து, பிறகு மற்ற இரண்டும் சேர்ந்து. தாளம் இரண்டுதான். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும். நாலுகால் பாய்ச்சலிலும் அப்படி ஒரு கணம் உண்டு என்பதை 1878இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் காட்டின. அந்தரத்தில் இருந்து இறங்கும் அதிர்ச்சிதான் உங்களைத் தூக்கிப் போடுகிறது. அதற்கு மாற்று, ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு உட்காருவது. ரைசிங் ட்ராட் என்பார்கள்.

முதலில் நிற்கும் குதிரையில் எழுந்து உட்காருங்கள், பிறகு நடையில். வார் உதவியில்லாமல் முடிந்தால்தான் ட்ராட்டுக்குப் போக வேண்டும். காலை உதைத்து நிமிர்ந்து நிற்காதீர்கள். குதிரை தூக்கிவிடும்போது இடுப்பு முன்னால் போனால் போதும், உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டே எண்ணுங்கள். மூச்சை அடக்கிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். தாளம் தப்பினால் கழுத்துப் பட்டையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தாளம் பிடித்த பிறகு, வட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும் குதிரையின் தோளைக் கடைக்கண்ணால் பாருங்கள். அது முன்னே போகும்போது எழ வேண்டும். வட்டத்தில் உள்பக்கப் பின்னங்கால் அதே நேரத்தில் முன்னே எட்டி வைக்கிறது. முதுகில் பாரம் இல்லாவிட்டால் அதற்குச் சுலபம். திசை மாற்றும்போது இரண்டு தாளம் சேர்த்து உட்கார்ந்து எழுந்தால் பக்கம் மாறிவிடும். ட்ராட்டுக்கு அடுத்த வேகமான கேன்டருக்கு அவசரப்பட வேண்டாம், இது கைவந்தால் அது தானாக வரும்.

9. இறங்கிய பிறகு

இறங்கும்போது இரண்டு பாதங்களையும் ஸ்டிரப்பில் இருந்து எடுத்துவிட்டு இறங்குங்கள். வயிற்றுப் பட்டையை ஒரு துளை தளர்த்தி, மூச்சு அடங்கும் வரை நடத்துங்கள். முன்னங்கால்களுக்கு நடுவே மார்பில் கை வைத்துப் பாருங்கள். சூடு தணியவில்லை என்றால் இன்னும் நடக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள்.

தீனி விஷயத்தில் சொந்த அன்பைக் காட்டாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்கு ஒவ்வாதது போனால் வயிற்றுவலியிலேயே உயிர் போகலாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அரபுக் கரைகளில் இருந்து கப்பலில் வந்திறங்கிய அருமையான குதிரைகள் இங்கே மளமளவென்று செத்துப்போனதை எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். புல்லும் வைக்கோலும் கொள்ளும் எவ்வளவு என்பதை லாயம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் ஒரு கேரட் கொடுக்க ஆசைப்பட்டால் சைஸ் அண்ணாவிடம் கேட்டுவிட்டு, நீளவாக்கில் நறுக்கி, உள்ளங்கையை நன்றாக விரித்து அதன்மேல் வைத்துக் கொடுங்கள்.

சேணத்தை எடுத்ததும் முதுகைப் பாருங்கள். வேர்வை இரு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று சந்தேகப்படலாம். ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். மறுநாள் காலை அதே சேணம் அதே முதுகில் ஏறப்போகிறது.