மழை விட்ட மறுநாள் அலைச்சறுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் கொட்டித் தீர்த்து, மூன்றாம் நாள் காலை வெயில் தலைகாட்டும். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் அலைகள் நன்றாக எழும்பி நிற்கும். அலைச்சறுக்குப் பழகியவர்களுக்கு அன்று வீட்டில் கால் தரிக்காது. ஆனால் கடலில் இறங்கவே கூடாத நாள் அதுதான்.

“கடல் எவ்வளவு பெரியது, எல்லாம் கரைந்துபோகும்” என்ற எண்ணம்தான் முதல் தவறு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டுக்கு வந்து கடலில் சேர்கிறது. தெருக்களைக் கழுவி, பொங்கி வழிந்த சாக்கடைகளையும் சுமந்து வரும் நீர் அது. அந்த முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கேதான் கோவளம். இந்தப் பருவத்தில் கரையோர நீரோட்டமும் பெரும்பாலும் தெற்கு நோக்கியே ஓடும். நடுக்கடலில் கரைவதற்கு முன்பே அந்த நீர் நம்மை வந்து தொட்டுவிடுகிறது.

கரையில் ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அது நன்னீர்ச் செடி. அது கிடந்தால் ஏரி, கால்வாய்த் தண்ணீர் இங்கே வந்துவிட்டது என்று பொருள். ஆனால் செடி இல்லை, தண்ணீரும் தெளிந்துவிட்டது என்று உடனே இறங்குவதும் தவறு. கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் மழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்று சுகாதாரத் துறைகள் அறிவுறுத்துகின்றன. அங்கே சான் டியேகோவில் 654 அலைச்சறுக்கு வீரர்களை இரண்டு குளிர்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மழைக்குப் பின் இறங்கியவர்களுக்கு வயிற்றுக் கோளாறும் காதுத் தொற்றும் சீழ்ப்பிடித்த காயங்களும் கூடுதலாக வந்தது தெரிந்தது. நம் கடற்கரைகளில் மூன்று நாள் என்பதைக் குறைந்தபட்சமாகவே கொள்வேன். முகத்துவாரத்தை ஒட்டிய இடமென்றால் இன்னும் பொறுப்பேன்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது காயம். “உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறிவிடும்” என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மழைநீர் கலந்து உப்புக் குறைந்த வெதுவெதுப்பான கடல்நீர், விப்ரியோ வகைக் கிருமிகளுக்குத் தோதான இடம். பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு கணுக்காலில் கிழித்த சிறு கீறல் போதும், உள்ளே புக. சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலி பரவினால் மஞ்சளை அப்பிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. ஆறாத புண் இருந்தால் மழைக்காலம் முடியும்வரை கரையிலேயே இருங்கள்.

காதில் தண்ணீர் போனால் பஞ்சுக் குச்சியை விட்டுக் குடையக் கூடாது. தலையைச் சாய்த்து வடியவிட்டால் போதும்.

கடைசியாக, மருத்துவரிடம் பலர் சொல்ல மறக்கும் ஒன்று. கழிமுகத்தில் துழாவிய பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இத்தனை நாள் கழித்து இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. எந்தத் தேதியில், எந்த முகத்துவாரத்தில் இறங்கினீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.