மார்கழிச் சென்னையில் கச்சேரி கேட்க

டிசம்பர் பாதியில் கர்நாடக இசை சீசன் சூடுபிடிக்கும். கச்சேரி நடத்தும் எல்லாச் சபாவுக்கும் ஓடினால் போக்குவரத்து நெரிசலிலேயே பொழுது போய்விடும். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை வட்டத்துக்குள் நாளுக்கு 2 கச்சேரி போதும். மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். இளையவர்கள் பாடுவார்கள், இடமும் கிடைக்கும். பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். ஏசி குளிரும், சால்வை வேண்டும்.

தனி ஆவர்த்தனத்தில், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியில், எழுந்து சபா கேன்டீனுக்குப் போவது பழைய வழக்கம்தான், மிருதங்கக்காரருக்கு அவமரியாதையும்கூட. கச்சேரிக்கு முக்கால் மணி முன்னதாகவே போய்ச் சாப்பிடுங்கள். இரு கச்சேரிகளுக்கு நடுவே வரிசை நீளும்.

விடியற்காலை ஐந்தரைக்கு மயிலாப்பூர் மாடவீதிகளில் நடந்தால் பஜனை கோஷ்டியைக் கேட்கலாம். வாசல் கோலங்களையும் அப்போதே பாருங்கள். வெயில் ஏறினால் வண்டிச் சக்கரங்கள் அழித்துவிடும்.