சுக்கினிப் பிஞ்சு அழுகுகிறதா? மருந்தைக் கீழே வைத்துவிட்டுப் பூவைப் பாருங்கள்

வெப்பமான பகுதியில் சுக்கினி எனப்படும் கோடைப் பூசணியை விற்பனைக்காகப் பயிரிடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உழவும் தொழுவுரமும் உங்களுக்குத் தெரிந்தவைதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. விதைக்கும் நாள்

பெயரில் ‘கோடை’ இருக்கிறதே என்று உச்சி வெயிலில் பூக்கும்படி விதைத்தேன். செடி செழித்தது, காய் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆண் பூக்கள் மிகுந்துவிடும், மகரந்தமும் வீரியம் இழக்கும். விதைத்த 45 முதல் 55 நாட்களில் அறுவடை தொடங்கும். பூக்கும் காலம் வெயில் தணிந்த மாதத்தில் விழும்படி பின்னோக்கி எண்ணி நாளைக் குறியுங்கள்.

2. பாத்தியும் விதைப்பும்

மேட்டுப்பாத்தி, சொட்டுநீர்க் குழாய், மேலே மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பான மூடாக்குத் தாள். வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர், செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர். வேர் அசைந்தால் செடி சுணங்கும் என்பதால் குழித்தட்டு நாற்றைவிட நேரடி விதைப்பையே விரும்புகிறேன். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும்.

மூடாக்கு வெள்ளி நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கறுப்புத் தாள் மண்ணைச் சூடாக்கும். வெள்ளித் தாள் எதிரொளிக்கும் வெளிச்சம் அசுவினியையும் வெள்ளை ஈயையும் குழப்பி விலக்குகிறது. அசுவினி பரப்பும் தேமல் என்ற வைரஸ் நோய்க்கு மருந்தே கிடையாது. கண்ட செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். (இரண்டு பக்கமும் இரண்டு நிறம் கொண்ட தாளில் எது மேலே என்று ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளிப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். அவர் மாற்றி விரித்துவிட்டாராம்.)

3. பூக்கும் வாரங்கள்

நான் சறுக்கி விழுந்த இடம் இது. பிஞ்சுகள் விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகி அழுகின. பூஞ்சை என்று நினைத்து மருந்தடித்தேன். பிறகு பூச்சியாக இருக்குமோ என்று காலை வேளையில் பூச்சிக்கொல்லி தெளித்தேன். அழுகல் கூடியது.

நோயே இல்லை, மகரந்தம் சேரவில்லை. சுக்கினியில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூக்கள். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். பெண் பூவுக்கு வாய்ப்பு அந்த ஒரு காலைதான். மகரந்தம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் காற்று சுமக்காது, தேனீதான் சுமக்க வேண்டும். அந்தத் தேனீக்களை விரட்டியது என் தெளிப்பான். மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தாலும் காய் நுனி சூம்பிப் போகும், சந்தையில் கழித்துவிடுவார்கள்.

இப்போது ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டிகள் வைக்கிறேன். தவிர்க்க முடியாத தெளிப்பை, தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, மாலையில்தான் செய்கிறேன். தொடக்கத்தில் ஆண் பூக்கள் மட்டும் உதிர்ந்தால் கலங்காதீர்கள், அவை முந்திப் பூப்பது வழக்கம். வலைக்கூடாரத்தில் வளர்ப்பவர்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

4. பறிப்பு

15 முதல் 20 சென்டிமீட்டரில் பறியுங்கள். தினமும் போக வேண்டும். இலைக்கடியில் ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு நாளில் தடியாகி நிற்கும், செடியும் புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். திருகாமல் கத்தியால் சிறு காம்போடு அறுங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம், இலைக்காம்பின் சுணை கையைக் கீறும். தோல் மெல்லியது, நகம் பட்டாலே தழும்பாகும். 7 முதல் 10 டிகிரியில் வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழும்.

பின்சேர்க்கை: இலையில் வெள்ளித் திட்டு கண்டு பயந்து சிலர் எழுதியிருந்தார்கள். நரம்புகள் பிரியும் இடங்களில் மட்டும் திட்டு இருந்தால் அது அந்த ரகத்தின் இயல்பு. நரம்புகளே வெளுத்து, புதிய இலைகள் முழுவதும் வெள்ளி பூசியதுபோல் வந்தால், இலையைத் திருப்பி அடியில் வெள்ளை ஈயின் குஞ்சுகளைத் தேடுங்கள்.