வீட்டிலேயே கல் உடைக்கும் எந்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல் உடைக்கும் எந்திரத்தை வீட்டில் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்பி மோட்டார் போடலாம்?" என்றுதான். இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கும் ஜா கிரஷரில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது அந்தத் தாடைகளுக்கு இடையே உள்ள கோணம். 20 டிகிரியை ஒட்டி இருந்தால் கல் நன்றாகப் பிடிபடும். 26, 27 டிகிரியைத் தாண்டினால் நசுங்காமல் வழுக்கி மேலே எழும்பும். பெரிய மோட்டார் மாட்டினாலும் அதே கதைதான்.

அடுத்த தவறு, எல்லாப் பாகத்தையும் முரட்டுத்தனமாகக் கட்டுவது. அசையும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டாகிள் பிளேட் வேண்டுமென்றே பலவீனமாக இருக்க வேண்டும். கல்லோடு ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அந்தத் தகடுதான் முதலில் உடைய வேண்டும். உடைந்துவிட்டதே என்று கனமான தகடாக மாற்றினால், அடுத்த முறை ஷாஃப்ட் வளையும், இல்லை பேரிங் போகும். ஒரே அளவில் நாலைந்து தகடுகளை வெட்டி வைத்துக்கொள்வது நல்லது.

தாடை முகப்பை பிரேமோடு சேர்த்து வெல்டிங் செய்யாதீர்கள். அது தேயத்தான் போகிறது, போல்ட் போட்டு மாட்டுங்கள். குவாரி எந்திரங்களில் மாங்கனீஸ் ஸ்டீல் போடுவார்கள். பலத்த அடி பட்டால்தான் அது இறுகும். அந்த அளவு அடி விழாத சின்ன எந்திரத்தில் சாதா இரும்புத் தகட்டின் மேல் ஹார்ட்ஃபேசிங் ராடால் (தேய்மானத்தைத் தாங்கும் கடினமான உலோகத்தைப் படியவைக்கும் வெல்டிங் ராட்) வரி வரியாகப் போட்டாலே போதும்.

உள்ளே கல் இருக்கும்போது நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் மோட்டார் சூடாகும். காலியான பிறகே நிறுத்துங்கள். சிக்கிய கல்லைக் கையால் எடுக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தில் சக்தி மிச்சம் இருக்கலாம். கல் விடுபட்டதும் தாடை சட்டென்று மூடும். சக்கரம் அசையாமல் முட்டுக் கொடுத்து, கம்பியால் நெம்பி எடுங்கள். பெல்ட்டுக்கும் பிளைவீலுக்கும் மூடி இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை தூசிதான். குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம் உள்ள கல்லை உடைத்தால் சிலிக்கா தூள் பறக்கும். நுரையீரலின் ஆழம் வரை போவது கண்ணுக்கே தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள துகள்கள். அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் குணமாகாது. துணியை முகத்தில் கட்டினால் போதாது. என்95 அல்லது அதற்கு மேற்பட்ட மாஸ்க்கை முகத்தோடு ஒட்டப் போடுங்கள். தாடி இருந்தால் இடைவெளி விழும். எந்திரத்தின் வாய்ப்பகுதியில் மெல்லியதாகத் தண்ணீர் தெளியுங்கள், மோட்டார் நனையாமல் பார்த்துக்கொண்டு. அப்புறம், வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.