கொழும்புக்குக் குடிபோக முதல் விடக்கூடாத பிழைகள்

கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் யாழ்ப்பாணத்தில் இரண்டு கேள்விகள் வரும். "சம்பளம் எவ்வளவு தருவினமாம்?" அடுத்தது, "அங்க ஆர் இருக்கினம்?" இரண்டுக்கும் திருப்தியான பதில் வந்துவிட்டால் சரி, இரவு பஸ்ஸுக்கு சீற் போட்டுவிடலாம். நானும் அப்படித்தான் போனேன். வெள்ளவத்தையில் மாமா முப்பது வருடமாக இருக்கிறார். "ஒரு பிரச்சினையும் இல்லை, நீ வெளிக்கிட்டு வா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சொந்த வீடும் காரும் ஓய்வூதியமும் உள்ள மனிசருக்குக் கொழும்பில் ஒரு பிரச்சினையும் இல்லைதான்.

பிழை என்னுடையது. கேட்க வேண்டியதை ஆள் மாறிக் கேட்டேன். போன வருடம்தான் போய், வாடகைக்கு இருந்து, பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிற ஒருவரைத் தேடிப் பிடித்து அரை மணித்தியாலம் கதைத்திருக்க வேண்டும். உங்களுடைய வயதும் ஏறக்குறைய உங்களுடைய சம்பளமும் உள்ளவர் என்றால் இன்னும் நல்லது. கீழே எழுதுவதில் பாதி அப்படிப்பட்ட ஒருவர் எனக்குப் பிந்திச் சொன்னது. மீதி நான் காசு கட்டிப் படித்தது.

வேலை எங்கே என்று பாராமல் வெள்ளவத்தையில் வீடு தேடுவது

எங்களுக்குக் கொழும்பு என்றால் வெள்ளவத்தை. மிஞ்சினால் பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை. வேலை எந்த மூலையில் இருந்தாலும் வீடு கொழும்பு 6இல்தான் தேடுவோம். எனக்கு வேலை மாலபேயில். வரைபடத்தில் பார்த்தால் ஏறக்குறைய யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்குப் போகிற தூரம். "இது ஒரு தூரமா?" என்று நினைத்தேன்.

காலை ஆறேமுக்காலுக்குக் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ். கொள்ளுப்பிட்டியில் இறங்கி 177. அந்த பஸ் அங்கிருந்தே புறப்படுவதால் சீற் கிடைக்கும், அது ஒரு ஆறுதல். அப்புறம் இராஜகிரிய, பத்தரமுல்லை என்று நின்று நின்று போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். மழை பெய்தால் அதற்கும் கணக்கில்லை. மாலையில் திரும்பி வர அதே பாடு. ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் பஸ்ஸுக்குள் போனது. அந்த நேரத்தில் இரவு பஸ் வவுனியாவைத் தாண்டிவிடும்.

இதே வெள்ளவத்தை, கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ வேலை செய்பவருக்கு அருமையான இடம். கரையோர ரயில் வெள்ளவத்தை நிலையத்தில் நிற்கும், காலி வீதி எப்படி அடைபட்டாலும் ரயிலுக்குக் கவலையில்லை. ஆகவே முதலில் வேலைத்தளத்தை வரைபடத்தில் குறியுங்கள். அதற்கு நேராக என்ன பஸ், என்ன ரயில் போகிறது என்று பாருங்கள். பிறகு அந்தப் பாதையில் வீடு தேடுங்கள். வயதான தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வெள்ளவத்தை வாடகை கொடுத்தாலும் தகும் என்பது என் எண்ணம்: கோயில் கிட்ட, மரக்கறிக் கடைக்காரர் தமிழ், அம்மா தனியாகக் கடைக்குப் போய் வரலாம். தனி ஆளாகப் போகிற இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லாத செலவு.

இடம் பார்க்கப் போகும்போதும் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலைநாள் ஒன்றில், காலை ஏழு மணிக்கு, அந்த ஒழுங்கையிலிருந்து அந்த அலுவலகம் வரைக்கும் ஒரு தரம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

வாடகையை மட்டும் கேட்பது

அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டின வாடகைப் பகுதி) பார்க்கப் போனால் வாடகை கேட்போம், அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று கேட்போம். அதோடு நிறுத்திவிடுவோம். கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி சுவரில் தொங்குகிறது: கரண்ட் மீற்றர் யாருடையது?

நான் இருந்த அனெக்ஸுக்குத் தனி மீற்றர் இல்லை. வீட்டுக்காரர் தன்னுடைய மீற்றரிலிருந்து பிரித்து, என் பாவனையை மட்டும் காட்டுகிற சப் மீற்றர் ஒன்று பூட்டியிருந்தார். மாதக் கடைசியில் ஒரு துண்டு வரும், கொப்பியில் கிழித்த தாள், நீலப் பேனை எழுத்து. என் பாவனை 41 அலகு. ஒரு ஃபான், ஒரு பல்ப், ஒரு ரைஸ் குக்கர், மடிக்கணினி, அவ்வளவுதான். ஆனால் அலகுக்குப் போட்டிருந்த விலையைப் பார்த்தால் நான் ஏசி போட்டுப் படுத்தவன் மாதிரி இருந்தது.

காரணம் கட்டண முறையில் இருக்கிறது. வீட்டுப் பாவனையில் மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு கட்டணம். 60ஐத் தாண்டினால் முதலாவது அலகிலிருந்தே வேறு கட்டணம், அதற்கு மேலே படிப்படியாக இன்னும் கூடும், நிலையான கட்டணமும் ஏறும். வீட்டுக்காரர் குடும்பமும் இரண்டு அனெக்ஸும் ஒரே மீற்றரில் ஓடினால் எல்லார் பாவனையும் ஒன்றாகக் கூட்டப்பட்டு உச்சிப் படிக்குப் போய்விடும். 41 அலகு எரித்தவரும் அந்தப் படி விலையைத்தான் கட்ட வேண்டும். தனி மீற்றர் உள்ள அறைக்கு வாடகை கொஞ்சம் கூடக் கேட்டாலும் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தனி மீற்றர் இல்லையென்றால் அலகுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள்.

ஒப்பந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. "எங்கட ஆக்கள்தானே, எழுத்து எதற்கு?" என்று ஆறு மாத அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு ஒருவருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் சட்டப்படி நிற்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அன்று தொடக்கம் சொல்வது இதைத்தான். காணி உறுதி என்றால் நாலு தரம் வாசிக்கிற எங்கள் சனம், கொழும்பு வாடகை வீட்டுக்கு ஒரு பற்றுச்சீட்டும் வாங்காமல் வருவது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். வெளிக்கிட எத்தனை மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும், பெயின்ற் காசு என்று அட்வான்ஸில் எவ்வளவு கழிப்பார்கள், இரண்டையும் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது மழை. எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. கொழும்புக்கு மே மாதத்திலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், அப்புறம் ஒக்ரோபர், நவம்பரில் இன்னொரு தரம். பெப்ரவரி வெயிலில் பார்த்த அறை ஜூனில் வேறு அறையாக இருக்கும். சுவரின் அடிப்பக்கம் பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் மணக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒழுங்கையில் தண்ணீர் நிற்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், பக்கத்துக் கடையில் கேளுங்கள். கடற்கரைப் பக்கத்து அறை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் உப்புக் காற்றில் உங்கள் ஃபானும் சைக்கிளும் கறள் பிடிப்பதை வருடம் முடிய முதல் காண்பீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பதால் தண்ணீர் கடினம், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. கொழும்பில் பைப்பைத் திறந்தால் களனி கங்கைத் தண்ணீர். முதல் நாள் தலைக்கு வைத்த சவர்க்கார நுரையைக் கழுவி முடிக்கவே எனக்கு ஒரு வாளி போதவில்லை. தேத்தண்ணியின் ருசியும் மாறிவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, மேல்மாடிக்குத் தண்ணீர் மோட்டரில் ஏறுகிறதா, மோட்டர் போடுகிறவர் யார், கரண்ட் இல்லாவிட்டால் என்ன கதி என்பது.

சம்பளம் என்று சொன்ன தொகையை அப்படியே நம்புவது

சொன்ன தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம் கழியும், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம். "நாங்கள் அதெல்லாம் பிடிக்கிறதில்லை, முழுக் காசும் கையில் தருவோம்" என்று இனிக்கச் சொல்கிற இடத்தில், உங்களுக்குச் சேர வேண்டிய அந்த 15 சதவீதத்தைத்தான் தராமல் விடுகிறார்கள்.

செலவுப் பட்டியலில் ஊருக்கு வந்துபோகிற காசை எழுத எல்லாரும் மறப்பார்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நல்லூர்த் தேர், தீபாவளி, பொங்கல் மூன்றும் நிச்சயம். கலியாணங்கள் வரும். செத்தவீட்டுக்கு முன்கூட்டி சீற் பதிய முடியாது, கிடைக்கிற பஸ்ஸில் கேட்கிற விலைக்கு வர வேண்டும்.

வெள்ளவத்தையில் சிங்களம் தேவைப்படாது என்பது

தேவைப்படாதுதான். அதுதான் சிக்கல். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, ஆனால் 177 பஸ்ஸில் ஏறிய கொண்டக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஹோல்ட் வந்ததும் "பஹினவா" (இறங்கிறன்) என்று சத்தமாகச் சொல்லத் தெரியாமல் இரண்டு ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்திருக்கிறேன். அது பரவாயில்லை. அலுவலகத்தில் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும், தீர்மானம் தேநீர் நேரத்தில் சிங்களத்தில் நடக்கும். போக இரண்டு மாதம் இருக்கிறதென்றால் இங்கேயே படிக்கத் தொடங்குங்கள். இலக்கங்கள், வலது இடது, விலை கேட்பது, இவ்வளவோடு போனாலும் முதல் மாதம் தப்பலாம்.

பத்திரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றிலும் பிரதி எடுத்து வைக்கச் சொல்லி அப்பா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நாளை அறிந்தவர்கள் சொன்னால் சிரிக்காமல் பிரதி எடுங்கள்.

பிள்ளைகளைப் பிறகு பார்க்கலாம் என்பது

அரசாங்கப் பாடசாலையில் முதலாம் ஆண்டு அனுமதிக்கு வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம் மட்டும் போதாது, வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் ஐந்து வருடப் பதிவு பார்ப்பார்கள். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது போய் இறங்கி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் புள்ளி எங்கிருந்து வரும்? வாடகை வீட்டில் உங்கள் பெயரை இடாப்பில் பதிய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதை அட்வான்ஸ் கொடுக்க முதல் கேளுங்கள். பலர் சம்மதிக்க மாட்டார்கள்.

உயர்தரம் படிக்கிற பிள்ளை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும் பகுதி மாவட்ட அடிப்படையில்தான், படித்த பாடசாலை எந்த மாவட்டம் என்பதைப் பார்ப்பார்கள். இடையில் இடம் மாற்றினால் எந்த மாவட்டத்தோடு போட்டியிட வேண்டிவரும் என்று பாடசாலை அதிபரிடம் கேட்டுவிட்டு வீடு தேடுங்கள்.

வீட்டில் நிற்கிறவர்களைக் கேட்காமல் போவது

"நாங்கள் சமாளிப்பம் தம்பி, நீ போ" என்றுதான் அம்மா சொல்வார். வேறு எதையும் சொல்ல மாட்டார். அதனால் அவரிடம் பொதுவாகக் கேட்காதீர்கள், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போதனா வைத்தியசாலைக் கிளினிக் எந்தக் கிழமை, யார் கூட்டிப் போவது? தண்ணீர் மோட்டர் பழுதானால் யாரைக் கூப்பிடுவது, அவருடைய நம்பர் எங்கே? இரவில் விழுந்தால் முதலில் வரக்கூடிய அயலவர் யார், அவரிடம் கேற் திறப்பு இருக்கிறதா?

நான் இதில் ஒன்றும் கேட்கவில்லை. போய் மூன்றாம் வாரம், விடியப்புறம் ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் பஸ்ஸடியில் நின்று வீட்டுப் பார்சல் எடுத்தேன். கறித்தூள், முருங்கைக்காய், ஒரு போத்தல் நல்லெண்ணெய். பெட்டியின் மேல் என் பெயர் பக்கத்து வீட்டு அண்ணையின் கையெழுத்தில் இருந்தது. அம்மாவுக்கு ஒரு கிழமையாகக் காய்ச்சல் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.